பத்தடிக்கு மூன்று அங்குலம்

ஞாயிறு காலை ஏழு இருபதுக்கு வரதன் மாடிக்கதவின் பூட்டில் எண்ணெய் விட்டார். இருபத்தொரு மாதமாகத் திறக்காத பூட்டு. மூன்றாவது முறை சாவி திரும்பியது.

மாடி முழுக்க வாதாம் இலை. பக்கத்து மனையிலிருந்த மரம் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வளர்ந்திருந்தது. பழைய இலை மக்கிக் கறுத்திருந்தது. அதன்மேல் புது இலை சிவப்பாகக் கிடந்தது. கால் வைத்தால் கணுக்கால் வரை புதைந்தது.

மனோகரன் பின்னால் ஏறி வந்தான். வரதனின் இறந்துபோன மனைவி புஷ்பாவின் தம்பி. கொரட்டூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான்.

"இன்னா மாமா, காடு வளத்து வெச்சிகீற. பாத்து கால வை. பாம்பு கீம்பு இருக்கப் போவுது."

 வரதன் வடகிழக்கு மூலையைப் பார்த்தார். மழைநீர் இறங்கும் குழாயின் வாய் அங்கே தரையோடு இருந்தது. மாடி முழுவதற்கும் அது ஒன்றுதான். அதைச் சுற்றி ஒரு முழத்துக்கு இலை இல்லை. சிமென்ட் தரை வெளுத்துத் தெரிந்தது.

மனோகரனும் பார்த்தான்.

"அங்க மட்டும் பெருக்கினியா?"

"கதவயே இன்னிக்கிதான் தொறக்கிறேன்."

"அப்போ காத்து தள்ளிகீது."

ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். தள்ளியிருந்தால் இலையெல்லாம் அந்த மூலைக்குத்தான் போயிருக்க வேண்டும்.  வரதன் துடைப்பத்தை எடுத்துப் படிக்கட்டுப் பக்கத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தார்.

ஆவணியில் நசரத்பேட்டையில் அவர் மகள் ஜோதிகாவுக்கு வளைகாப்பு நடந்திருந்தது. முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வரதன் வாடகைக் கார் கொண்டுபோயிருந்தார். பின்சீட்டில் தலையணை வைத்திருந்தார். ஐந்து வகைச் சோறும் பரிமாறி முடிந்தபின் ஜோதிகாவின் மாமியார் கெங்கம்மாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதண்ணே. தாய் இல்லாத பொண்ண நீ தாங்குவ, அது எனக்குத் தெரியும். ஆனா ஐப்பசி கார்த்திகைல உன் ஊட்ல தண்ணி ஏறும். ஏறினா எங்க போவ? போன தபா மாதிரி மொட்ட மாடிக்கா? பச்ச கொயந்தையோடவா? மாடில ஒரு கூர போடு. நான் வந்து பாக்குறேன். பாத்துட்டு வுட்டுட்டுப் போறேன்."

 ஜோதிகா கையிலிருந்த கண்ணாடி வளையல்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

வரதன் காலிக் காரில் கள்ளிக்குப்பம் திரும்பினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் தலையணை சரிந்து விழுந்தது. கரையான்சாவடி வரை எடுத்து எடுத்து வைத்தார். பிறகு விட்டுவிட்டார்.

இலையை ஒன்பது மூட்டை கட்டினார்கள். மனோகரன் மூட்டையின் மேலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

"சொல்லு. எவ்ளோ பெருசு?"

"பத்துக்கு எட்டு. ஒரு கட்டிலு, ஒரு தொட்டிலு, நான் ஒக்கார ஒரு எடம்."

"வாட்டம்?"

"பதினஞ்சு டிகிரி."

"எனக்கு டிகிரி கிகிரி எல்லாம் தெரியாது. அடில சொல்லு."

"பத்தடிக்கு ரெண்டே முக்கா அடி எறங்கும். கொஞ்சம் கொறைச்சலா."

மனோகரன் புகையை விட்டான். "கோயிலா கட்டுற? ஊர்ல எவனும் பத்தடிக்கு ஒரு அடிக்கு மேல வெக்கமாட்டான். நீ சொல்றாப்போல வெச்சா இந்தாண்ட எட்டடி, அந்தாண்ட அஞ்சேகால். கெங்கம்மா உள்ள வந்தா மண்டைல இடிச்சிகினு உன்னத்தான் திட்டும்."

"தண்ணி நிக்கக்கூடாது."

"தகரத்துல எங்க மாமா நிக்கும்? ஒரு அடி சாஞ்சாலே ஓடிடும்."

"நிக்கவே கூடாது."

மனோகரன் அவரைப் பார்த்தான். பீடியைத் தரையில் தேய்த்தான். "சரி. நீயே கணக்குப் போடு. போட்டு எனக்கு அடி இன்ச்சுல எழுதிக் குடு. வர்ற ஞாயித்துக்கெய்ம பைப்போட வர்றேன். புரட்டாசி முடிஞ்சா கறியோட ஒரு வேள சோறு போடணும், சொல்ட்டேன்."

வரதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் இருபத்தொன்பது வருடமாக அளவு பார்ப்பவர். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த அச்சும் வெளியே போகாது. அரை டிகிரி பிசகினாலும் சிவப்பு மையில் திருப்பி அனுப்பிவிடுவார். இந்த வீட்டுக் கூரையின் கணக்கு அவருக்கு ஐந்து நிமிட வேலை.

ஐந்து நாள் ஆனது.

வேலை முடிந்து வந்து, குளித்து, அடுப்படி மேசையில் கட்டத் தாளை விரிப்பார். பதினைந்து டிகிரிக்கு முப்பத்திரண்டு அங்குலம் இறங்கும். பன்னிரண்டுக்கு இருபத்தைந்தரை. பத்துக்கு இருபத்தொன்று. கோடு போடுவார். கோட்டின் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு புள்ளி வைப்பார். ஆள் நிற்க முடியவில்லை என்றால் அழிப்பார்.

மழைக்குழாய் அடுப்படிச் சுவருக்கு வெளியே இறங்கியது. செவ்வாய்க்கிழமை பத்து டிகிரியை எழுதியபோது குழாய்க்குள் சத்தம் கேட்டது. ஈரக் கை சிமென்ட்டைத் தேய்க்கும் சத்தம். ஒருமுறை தேய்த்தது. நின்றது. பிறகு ஒன்றிரண்டு சொட்டு இறங்கியது.

மழை பெய்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

அவர் வெளியே போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார். வெயில் அடித்த சூடு இன்னும் இருந்தது. அடிவாய் காய்ந்திருந்தது. திரும்ப வந்து பத்தை அழித்துப் பன்னிரண்டு எழுதினார். சத்தம் இல்லை.

புதன் அன்று பன்னிரண்டையும் அழித்துப் பத்து எழுதினார். அன்று சத்தம் வந்தது. வியாழன் அன்று மேசையைக் கூடத்துக்கு இழுத்துப்போட்டு எழுதினார். பத்து டிகிரி. படிக்கட்டுப் பக்கத் தூண் எட்டரை அடி. குழாய்ப் பக்கத் தூண் ஆறேமுக்கால் அடி. தண்ணீர் நேரே குழாய் மூலையில் விழும். வேறு வழி இல்லை. தரை வாட்டமும் அந்தப் பக்கம்தான், குழாயும் அங்கேதான்.

அடியில் ஒரு கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டார். வழக்கம் அது.

புயல் மழை வந்த அந்த டிசம்பரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. வரதனும் புஷ்பாவும் பிற்பகலில் மாடிக்குப் போனார்கள். ஜோதிகா அப்போது பூந்தமல்லியில் கம்பெனி ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

வரதன் ஒரு தார்ப்பாயும் நான்கு சவுக்குக் கழியும் எடுத்துப் போயிருந்தார். மழையில் நனைந்துகொண்டே டேப் பிடித்து, கழிகளை நாலடிக்கு அறுத்தார். நான்கும் ஒரே அளவு. ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. மாடியில் நீட்டிக்கொண்டிருந்த தூண் கம்பிகளோடு கழிகளைக் கட்டி, மேலே தார்ப்பாயை இழுத்தார்.

"ஒரு பக்கம் தூக்கிக் கட்டுயா," என்றாள் புஷ்பா. "தண்ணி எறங்கட்டும்."

"தூக்கினா காத்து புடுங்கிடும். மட்டமா இருக்கட்டும்."

வாதாம் இலை குழாயின் வாயை அடைத்தது. மாடியிலும் தண்ணீர் ஏறத் தொடங்கியது. யாராவது அங்கே உட்கார்ந்து இலையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வரதன் படிக்கட்டுப் பக்க மூலையில் தன் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெர்னியர், மைக்ரோமீட்டர், கோணமானி. எல்லாம் அவர் சொந்தக் காசில் வாங்கியவை. துருப் பிடித்தால் போயிற்று.

"நீ அந்தாண்ட போய் ஒக்காரு. பைப்பப் பாத்துக்கோ."

புஷ்பாவுக்கு வீசிங் உண்டு. அவள் எழுந்து போய் உட்கார்ந்தாள்.

விடியும் நேரத்தில் தார்ப்பாய் அவள் தலைக்கு மேல் வயிறு தள்ளியிருந்தது. முடிச்சு அந்த மூலையில்தான் விட்டது. அத்தனை தண்ணீரும் ஒன்றாக இறங்கியது. அதற்கப்புறம் மூடிக்கொள்ள எதுவும் இல்லை. படகு மறுநாள் மதியம் வந்தது. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். மூன்றாம் நாள் ஜோதிகா வந்து சேர்ந்தபோது புஷ்பாவின் வாயில் குழாய் இருந்தது. பேச முடியவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் வரதன் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். மட்டமாத்தான் கட்டினேன். நாலும் நாலடி. அத்தனை பேரிடமும் சொன்னார். கருமாதி முடிந்து, இழவு வீட்டு நாற்காலிகளைத் திருப்பி எடுத்துப்போக வந்த ஆளிடமும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மனோகரன் சதுரக் குழாய்களோடு வந்தான். வெல்டிங் மெஷினைப் படியில் ஏற்றும்போது ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை திட்டினான். மதியத்துக்குள் நான்கு தூண்களும் நின்றன. மேலே குறுக்குக் குழாய்களைப் பற்றவைத்தான்.

"பாத்தியா மாமா. நீ எய்திக் குடுத்த மாதிரியே அறுத்துகீறேன். எட்டரை, ஆறேமுக்கா. இப்போ உன் டப்பாவத் தொற."

வரதன் கருவிப் பெட்டியைத் திறந்து கோணமானியை எடுத்தார். ஏணியில் ஏறிக் குறுக்குக் குழாயில் வைத்தார்.

பதினொன்று புள்ளி மூன்று.

துடைத்து மறுபடி வைத்தார். பதினொன்று புள்ளி மூன்று. அடுத்த குழாயில் வைத்தார். அதே எண்.

இறங்கித் தூண்களை அளந்தார். எட்டரை. ஆறேமுக்கால். பிசகு இல்லை. தாளைப் பிரித்துக் கணக்கை முதலிலிருந்து போட்டார். பத்துதான் வந்தது.

"இன்னா?"

"ஒரு டிகிரி ஜாஸ்தி காட்டுது. ஒண்ணே கால்."

"மெஷினு பூட்டகேஸ் ஆயிட்ச்சா?"

"போன மாசம்தான் சரிபாத்தேன்."

மனோகரன் முகக் கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிரித்தான். "எங்கருந்து அளந்த?"

"தரைலருந்து."

"தர இன்னா உங்க கம்பெனி இரும்பு டேபிளா? மொட்ட மாடி மாமா. கொத்தனாரு பைப்பு பக்கம் வாட்டம் குடுத்துகீறான். தர அந்தாண்ட எறங்குது, உன் கூரையும் சேந்து எறங்குது. இருபத்தொம்போது வருசம் இன்னா வேல பாத்தியோ."

வரதன் சிரிக்கவில்லை. டூல் ரூமில் எல்லா அளவும் ஒரு மேசையிலிருந்துதான் தொடங்கும். இரண்டு டன் எடையுள்ள இரும்பு மேசை. அது மட்டமா என்று ஒவ்வொரு முறையும் யாரும் கேட்பதில்லை.

"எவ்ளோ எறங்குது?" என்றார்.

"இன்னாத்துக்கு இப்போ அது? ஜாஸ்தி வாட்டம் நல்லதுதானே. நீ கேட்டதே அதான்."

"எவ்ளோன்னு பாக்கணும்."

மனோகரன் முனகிக்கொண்டே பையிலிருந்து தண்ணீர் ட்யூபை எடுத்தான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், உள்ளே நீர் தெரியும் பிளாஸ்டிக் ட்யூப். நீரை நிரப்பினார்கள். வரதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கத் தூணருகே நின்றார். மனோகரன் மறுமுனையோடு குழாய் மூலைக்குப் போனான். செருப்பைக் கழற்றியிருந்தான். போனவன் ஒரு காலை எடுத்து மறு காலின் மேல் வைத்துக்கொண்டான்.

"இந்த எடம் மட்டும் ஜில்லுனு கீது மாமா."

"வெயிலு படல. மரம் மறைக்குது."

மணி ஒன்று. மர நிழல் வேறு பக்கம் இருந்தது.

ட்யூபில் நீர் ஏறி இறங்கி நின்றது. மனோகரன் டேப்பை வைத்துப் பார்த்தான்.

"மூணு இன்ச்சு. பத்தடிக்கு மூணு இன்ச்சு. நல்ல கொத்தனாரு."

வரதன் ட்யூபைப் பிடித்தபடி நின்றார். மனோகரன் வந்து அவர் கையிலிருந்து அதை வாங்க வேண்டியிருந்தது.

நான்கு கழி. நாலடி. தரையிலிருந்து.

கணக்கு தானாக ஓடியது. நூற்றிருபதுக்கு மூன்று. ஒன்று புள்ளி நான்கு டிகிரி. தார்ப்பாய் மட்டமாக இருந்ததில்லை. வாட்டமாக இருந்தது. அவர்தான் வாட்டம் கொடுத்திருந்தார். விழுந்த மழையெல்லாம் அந்த ஒன்று புள்ளி நான்கில் மெல்ல நகர்ந்து ஒரே மூலைக்குப் போயிருந்தது. அந்த மூலைக்கு அவளையும் அவர்தான் அனுப்பியிருந்தார்.

மனோகரனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார், நாலும் நாலடி என்று. அவன் எப்போது இதைச் சேர்த்துப் பார்ப்பான் என்று வரதன் காத்திருந்தார். மனோகரன் ட்யூபிலிருந்த தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டு துண்டால் துடைத்தான்.

"ஷீட்டு ஏத்தலாமா? பசிக்குது."

"திருப்பிடலாம்," என்றார் வரதன்.

"இன்னாத்த?"

"கூரைய. படிக்கட்டுப் பக்கம் எறக்கம். பைப்புப் பக்கம் ஒசரம்."

மனோகரன் துண்டைத் தோளில் போட்டான். 

"வெயில்ல நின்னியா ரொம்ப நேரம்?"

"திருப்பு மச்சான்."

"தோ பாரு. கூரத் தண்ணி படிக்கட்டுப் பக்கம் வியும். தர அங்க மேடு. மாடிக்கு இருக்கிறது ஒரே பைப்பு. அப்போ அந்தத் தண்ணி எந்த வயில போவும்? கட்டிலுக்கு அடில பூந்துதான் போவும். ஊருக்கெல்லாம் அளவு சொல்ற ஆளு, உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அந்த மூலைல தண்ணி வியக்கூடாது."

மனோகரன் குழாய் மூலையைத் திரும்பிப் பார்த்தான்.  அக்காவின் நினைப்பு என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். குரல் இறங்கியது.

"சரி. பி.வி.சி. பைப்பப் பாதியா அறுத்து ஓரத்துல தொங்க வுட்டுக் குடுக்கிறேன். அதுல வியட்டும். ஆனா காத்தடிச்சா அத்தத் தாண்டித்தான் வியும். அப்போ என்னச் சொல்லாதே."

பற்றவைத்ததை அறுத்தார்கள். தூண்களைப் பெயர்த்து மாற்றி நட்டார்கள். இம்முறை வரதன் தரையை நம்பவில்லை. எல்லாவற்றையும் ட்யூப் வைத்தே பார்த்தார். குழாய்ப் பக்கத் தூண்களில் மூன்று அங்குலம் குறைந்தது. மூன்று அங்குலத்தில் இரண்டு துண்டுகள் அறுத்து, முனைகளை அரத்தால் ராவி, மனோகரனிடம் கொடுத்தார். அவன் அவற்றைத் தூண்களின் தலையில் வைத்துப் பற்றவைத்தான். கோணமானி பத்து காட்டியது. பத்து புள்ளி பூஜ்யம்.

"இப்போ திருப்தியா?"

வரதன் கோணமானியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். பெட்டியை மூடியதும் மறுபடி திறந்து பார்த்தார். இரண்டு வருடத்தில் எதிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை.

தகரத்தை ஏற்றி மூன்று பக்கம் சிமென்ட் பலகை அடைத்தார்கள். ஐப்பசி பிறந்ததும் வரதன் நசரத்பேட்டைக்கு ஃபோன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கெங்கம்மாளும் ஜோதிகாவும் ஒரு துணிப்பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மனோகரன் கறி வாங்கி வந்திருந்தான். எல்லோரும் மாடிக்கு ஏறினார்கள். கெங்கம்மாள் தூண்களைக் கையால் ஆட்டிப் பார்த்தாள். தகரத்தைத் தட்டினாள். உள்ளே போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்து எழுந்தாள்.

"கெட்டியாத்தான் கீது."

"கோவர்த்தன கிரி சம்பந்தி," என்றான் மனோகரன். "மய எவ்ளோ வேணா பேயட்டும். நீங்களும் வந்து தங்கிக்கலாம்."

"தங்கறேன், தங்கறேன். மொதல்ல அந்தக் கறிய இன்னா பண்ணி வெச்சிகீறன்னு பாக்குறேன். மேல வரைக்கும் தீஞ்ச வாசன அடிக்குது." படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "ஜோதி, நீ பாத்துட்டு சொல்லு. உனக்கு சரின்னா உன்னையும் பையயும் வுட்டுட்டுப் போறேன். இல்லன்னா கூட்டிகினு போறேன். கட்டாயம் ஒண்ணும் இல்ல."

அவளும் மனோகரனும் இறங்கிப் போனார்கள்.

ஜோதிகா கட்டிலில் உட்கார்ந்தாள். வயிறு இறங்கியிருந்தது. மூச்சு வாங்கினாள். பையைக் காலடியில் வைத்திருந்தாள். திறக்கவில்லை. வரதன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"ஃபேன் போடறேன். ஒயரு இழுக்கணும். வர்ற வாரம்."

"சரி நைனா."

"தொட்டிலு இங்க மாட்டலாம். கம்பி வுட்டிருக்கேன், பாரு."

ஜோதிகா கம்பியைப் பார்த்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு மாடியில் ராணி கொடித்துணிகளை அவசரமாக இழுத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் கைப்பிடிச் சுவருக்கு வந்தாள்.

"ஜோதி, எப்போ வந்தே? இன்னாடி, ரெட்டப் புள்ளையா?"

"ஒண்ணுதான்க்கா. சாப்பாடு ஜாஸ்தி."

"நல்லா துன்னு. உங்கம்மா இருந்தா ஊரையே கூட்டிகீந்திருக்கும்." ராணி துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தவில்லை. அவளுக்கு அது வராது. "அன்னிக்கு ராவெல்லாம் தோ, அந்த மூலைலதான் கீந்துச்சி. கைய பைப்புல வுட்டுகினு. நான் இங்கருந்து கத்தறேன், புஷ்பா இந்தாண்ட நவுந்து ஒக்காரு, அங்கதான் ஊத்துதுன்னு. கேக்கவே இல்ல. எய்ந்து வரல." முதல் சொட்டுகள் விழுந்தன. "மய வந்துட்ச்சி. சாயங்காலம் வர்றேன்டி."

அவள் போய்விட்டாள்.

மழை ஒரேயடியாக இறங்கியது. தகரத்தின் மேல் விழுந்த சத்தத்தில் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. வரதன் மேலே பார்த்தார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பத்து டிகிரியில் தண்ணீர் நிற்காமல் ஓடியது. ஓரத்தில் பாதிக் குழாயில் விழுந்தது. காற்று திரும்பியதும் அதைத் தாண்டி விழுந்தது.

ஜோதிகா பையைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். பிறகு கால்களையும் தூக்கிக்கொண்டாள்.

படிக்கட்டுப் பக்கத்திலிருந்து தண்ணீர் மெல்லிய தகடாக உள்ளே வந்தது. கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. நாற்காலியின் கால்களைச் சுற்றிக்கொண்டது. பலகைக்குக் கீழே விட்டிருந்த இடைவெளி வழியாக வெளியேறி மூலைக்குப் போனது. ஒரு வாதாம் இலை அதோடு போனது. குழாய் வாய்க்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பின் விலகிச் சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்து வந்த இலையும் அங்கேயே நின்றது. விலகியது.

ஜோதிகா இடைவெளி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனோ மாமா சொன்னாரு. மொதல்ல அந்தாண்டதான் சாச்சி கட்டுனாராம். நீதான் திருப்பச் சொன்னியாம்."

"ஆமா."

"தண்ணி உள்ளாற வரும்னு தெரிஞ்சேவா?"

"துணி வெச்சி அடைச்சிடலாம். ஒரு தடுப்பு கட்டிட்டா வராது."

அவள் தலையசைத்தாள். கீழே கெங்கம்மாள் பாத்திரத்தைக் கரண்டியால் தட்டிச் சாப்பிடக் கூப்பிட்டாள். மனோகரன் ஏதோ சொல்ல, கெங்கம்மாள் சிரித்தாள்.

"அம்மாவுக்குக் குளுரு ஆவாது," என்றாள் ஜோதிகா. "ஆடி மாசத்துலயே காதுல பஞ்சு வெச்சிக்கும்."

வரதன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். கட்டைவிரல் நகத்தால் அதன் விளிம்பை அளந்துகொண்டிருந்தார்.

"ராணிக்கா அப்டி கத்தியும் எய்ந்து வர்லன்னா, யாரோ சொல்லித்தான் ஒக்காந்திருக்கும். அது அப்டித்தான். சொன்னா சொன்ன எடத்துலயே இருக்கும்." அவள் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள். இப்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "அங்க போய் ஒக்காருன்னு யாரு நைனா சொன்னது?"